வேட்டி மடிப்பைக் கேட்டு வரைந்தவர்கள்

ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வேதியியல் பட்டம் வாங்கியவனை டேனரிக்காரர்கள் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். சுண்ணாம்பு, குரோம், சாயம் என்று ஏதாவது ஒரு டிரம் பக்கத்தில் நின்றுவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் அதே வேதியியலைப் படித்த ராம் மோகன் என்பவர், மேற்படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு 1956இல் பம்பாய் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். டிஸ்னியில் ‘பாம்பி’ படத்தில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் அங்கே வந்து பயிற்சி கொடுத்தார். நானும் ஷூ கம்பெனியில் பென்சிலை வைத்துப் பிழைத்தவன். பேட்டர்ன் மேசைதான் என் இடம். அதனால் ராம் மோகன் பெயரை எங்கே கண்டாலும் நின்று படிப்பேன். யூகோ சாகோ எனக்கு அறிமுகமானது அப்படித்தான்.

சாகோ ஆவணப்படம் எடுத்து வந்த ஜப்பானியர். அலகாபாத் அருகே பி. பி. லால் நடத்திய அகழாய்வைப் படமாக்க 1983இல் இந்தியா வந்தார். லால் தோண்டிய சிருங்கவேரபுரத்தை நம் குகனின் ஊர் என்பார்கள். சாகோவை ராமாயணக் கதை பிடித்துக்கொண்டது. ஜப்பானிய மொழியில் கிடைத்த பத்து ராமாயணங்களைப் படித்தார். ராமன் கடவுள், அவனுக்கு எந்த நடிகர் முகமும் ஒட்டாது, அனிமேஷனாக வரைந்தால்தான் சரிப்படும் என்று தீர்மானித்தார்.

செய்தி பரவியதும் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு வெளிநாட்டவர் தம் இஷ்டத்துக்கு ராமாயணத்தைப் படமெடுப்பதா என்று கேட்டு விசுவ இந்து பரிஷத் தில்லியிலுள்ள ஜப்பான் தூதரகத்துக்குக் கடிதம் அனுப்பியது. இந்திய அரசும் கைகோக்க வரவில்லை. கடைசியில் வேலை ஜப்பானிலேயே நடந்தது. சாகோவோடு கோய்ச்சி சசாகியும் ராம் மோகனும் சேர்ந்து இயக்கினார்கள்.

நேரில் பார்க்காததை வரையும் இந்த மாதிரி வேலை ஆம்பூர்க்காரனுக்குப் புதிதில்லை. ஜெர்மனிக்காரன் காலை நாங்கள் பார்த்ததே கிடையாது. அங்கிருந்து லாஸ்ட் என்கிற கால் அச்சு வரும், சாம்பிள் வரும். லாஸ்ட் மேல் டேப் ஒட்டி, கோடு போட்டு, உரித்து, வெட்டிப் பார்ப்போம். சுருக்கம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. வேட்டி மடிப்பு எப்படி விழும், கும்பிடும்போது கை எப்படிக் குவியும் என்று ஜப்பானிய ஓவியர்களுக்கும் தெரியாது. இந்திய அனிமேட்டர்கள் போய்ச் சொல்லிக்கொடுக்க, அவர்கள் வரைந்தார்கள். சுமார் 450 கலைஞர்கள், கையால் தீட்டிய அனிமேஷன் செல்கள் (ஒளி ஊடுருவும் தாள்கள்) ஒரு லட்சத்துக்கு மேல், செலவு 80 கோடி யென். இசை வன்ராஜ் பாட்டியா.

படம் தயாரான நேரம் சரியில்லை. 1992 டிசம்பரில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. அடுத்த மாதம்தான் தில்லியில் சர்வதேசத் திரைப்பட விழாவில் இதைத் திரையிட்டார்கள். பரவலாகத் தியேட்டருக்கு வரவில்லை. பின்னால் கார்ட்டூன் நெட்வொர்க்கில் போட்டபோது பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள், என் வீட்டுப் பிள்ளைகள் உட்பட. 2025 ஜனவரியில் துலக்கிய பிரதி தமிழ்க் குரலோடும் தியேட்டருக்கு வந்தது. சாகோ 2012இலும் ராம் மோகன் 2019இலும் காலமாகியிருந்தார்கள்.

ராமாயணத்தைத் தொட அந்த ஜப்பானியருக்கு என்ன உரிமை என்று இன்றும் சிலர் கேட்கலாம். தெரியாததைத் தெரிந்தவனிடம் கேட்டு வரைய வைத்தாரே, அந்த உரிமைதான். நாங்கள் தைத்து அனுப்பும் ஷூவில் பிராண்டு பெயர் மட்டும் இருக்கும். பேட்டர்ன் போட்டவன் பெயரை யாரும் அச்சடிப்பதில்லை. சாகோவின் படத்தில் ராம் மோகன் பெயர் இயக்குநர் வரிசையிலேயே இருக்கிறது.