பரிதிமாற் கலைஞரின் உளப்பாங்கு

மதுரையை அடுத்த விளாச்சேரியில் 1870-இல் பிறந்த வி. கோ. சூரியநாராயண சாத்திரியாரைத் தனித்தமிழின் முன்னோடி என்றே பலரும் போற்றுவர். வடமொழிப் பெயரைத் தமிழாக்கிப் 'பரிதிமாற் கலைஞர்' எனப் புனைந்தமையே அவர்கள் காட்டும் தலையாய சான்று. அஃது ஒன்றே கொண்டு அவர்தம் உளப்பாங்கினை அளந்துவிடல் பொருந்துமா?

அப்புனைபெயர் தாங்கி வெளிவந்த 'தனிப்பாசுரத் தொகை'யோ ஆங்கிலச் 'சானெட்' முறையைத் தழுவிப் பதினான்கடிப் பாக்களைக் கொண்டது. பெயர் தமிழ், வடிவம் மேலைநாட்டது. 'ரூபாவதி', 'கலாவதி', 'மானவிசயம்' என்னும் நாடகங்களுக்கு வடசொற்களையே அவர் பெயராக்கினார். மதுரையில் சபாபதி முதலியாரிடம் பெற்ற தமிழ்ப்புலமையும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் வாய்த்த ஆங்கிலப் பயிற்சியும் அவரிடம் பகையின்றி வாழ்ந்தன.

எனின், அவர் உள்ளம் நாடிய தலைவன் யாவன்? 'மானவிசயம்' விடை பகரும். சிறையில் காலந்தாழ்த்து அளித்த நீரைப் பருக மறுத்த சேரமான் கணைக்கால் இரும்பொறையே அதன் தலைவன். பல்கலைக்கழகப் பாடத்தினின்று தமிழை நீக்க 1902-இல் எழுந்த முயற்சியைப் பூரணலிங்கம் பிள்ளையோடு எதிர்த்து நின்றவர்க்கு இம்மன்னன்பால் ஈடுபாடு உண்டானது வியப்பன்று.

எதிர்ப்பினும் வெறுப்பு இல்லை. 'தமிழ்மொழியின் வரலாற்றில்' தமிழை உயர்தனிச் செம்மொழி என நிறுவுங்கால், வடமொழியையும் இலத்தீனையும் கிரேக்கத்தையும் தாழ்த்தாது, அவற்றோடு ஒருநிரையில் வைத்தே பேசுகின்றார். 1903-இல், முப்பத்து மூன்றாம் அகவையில் அவர் மறைந்தார்.