சுறாவின் வாயைக் கட்டிய உத்தியோகம்

ஓர் உத்தியோகத்துக்கு ஆள் தெரிவோர் விண்ணப்பகாரரின் கல்வியையும் நற்சாட்சிப் பத்திரங்களையும் முதலில் நோக்குவர். மன்னார்க் கடலில் ஆங்கிலேயர் நடத்திய முத்துக்குளிப்பிலோ, எந்தப் பரீட்சையாலும் அளந்தறிய இயலாத திறமை தமக்கு உண்டென்று கூறிய ஒரு மனிதருக்கு நிலையான இடம் இருந்தது. அவரைக் கடல்கட்டி என்று அழைத்தனர். குளிப்போரைச் சுறாமீன் தீண்டாதபடி மந்திரத்தால் கட்டி வைப்பதே அவர் தொழில்.

மன்னார்த் தீவுக்குத் தெற்கே அரிப்பு, சிலாபத்துறை, மரிச்சுக்கட்டி என்று நீளும் கரை வரண்ட கரை. முத்துக்குளிப்பு அறிவிக்கப்பட்ட ஆண்டிலோ, மாசி பங்குனி மாதங்களில் அம்மணலில் ஒரு நகரமே எழுந்தது. தூத்துக்குடியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் மலையாளக் கரையிலிருந்தும் குளிப்போர் வந்தனர். நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் புறப்பட்ட தோணிகள் விடியலில் முத்துப்பாரை அடையும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின்மேல் காலூன்றி, பல பாகம் ஆழத்துக்கு இறங்கி, ஏறக்குறைய ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பியை வாரிக்கொண்டு மேலே வருவார். அந்த ஒரு நிமிடத்தில் அவர் மனத்தில் இருந்தது முத்தன்று, சுறா. கடல்கட்டி கூட வந்திருக்கிறார் என்று அறிந்தாலன்றி அவர் நீரில் இறங்கார். அவர் இறங்காவிடின் அரசாங்கத்துக்குச் சிப்பியும் இல்லை, வருமானமும் இல்லை.

இவ்வழக்கம் ஆங்கிலேயர் கண்டுபிடித்ததன்று. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கும், பெருமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் கொடுக்கப்பட்டதாகக் கூறுகின்றார். அரசன் பெற்றதில் பாதி! அவர்களுடைய மந்திரம் பகலில் மாத்திரமே பலித்ததாம். இரவில் களவாகக் குளிப்போருக்குக் காவல் இல்லை.

1807இல் இலங்கையைப் பற்றிய நூலை வெளியிட்ட ஜேம்ஸ் கோர்டினர் என்னும் பாதிரியார், கடல்கட்டிகளை எத்தர் என்றே எழுதினார். ஆயினும் அவர்கள் முத்துக்குளிப்பு நிருவாகத்தின் இன்றியமையாத அங்கம் என்பதையும், எப்பொழுதும் இருவர் அமர்த்தப்பட்டிருந்தனர் என்பதையும் அவரே பதிவு செய்தார். ஒருவர் தலைமை மாலுமியின் தோணியில் செல்வார். மற்றவர் கரையில் ஓர் அறைக்குள் தனித்திருப்பார். அவர்முன் நீர் நிறைந்த பித்தளைப் பாத்திரத்தில் வெள்ளியால் செய்த ஆண்மீன் ஒன்றும் பெண்மீன் ஒன்றும் கிடக்கும். கடலில் விபத்து நேர்ந்தால் ஒரு வெள்ளிமீன் மற்றதைக் கடிக்கும் என்பது நம்பிக்கை. இவ்வுத்தியோகம் ஒரே குடும்பத்தாருக்கு மாத்திரம் உரியது. வெளியார் எவரும் விண்ணப்பிக்க இயலாது. அவ்வகையில் இதைப் பரந்த மனப்பான்மைக்கு உதாரணமாகக் காட்டுவதும் பொருந்தாது.

தவறு நேர்ந்தபோது விளக்கம் கேட்கும் வழக்கமும் இருந்தது. 1797ஆம் ஆண்டுக் குளிப்பைப் பற்றி எழுதிய லெபெக் என்பவர், முந்திய குளிப்பு ஒன்றில் ஒருவர் சுறாவுக்குக் காலைப் பறிகொடுத்த செய்தியைத் தருகின்றார். தலைமைக் கடல்கட்டியை அழைத்துக் கேட்டனர். எதிர்க்கரையிலிருந்து வந்த கிழவி ஒருத்தி பொறாமையால் மாற்று மந்திரம் செய்துவிட்டாள், அது தமக்குக் காலந்தாழ்த்தித்தான் தெரிய வந்தது என்றார் அவர். பின்பு சுறாக்கள் குளிப்போர் நடுவிலேயே தோன்றியும் வாய் திறக்க இயலாதபடி கட்டிவிட்டாராம். உத்தியோகத்தில் நீடிப்பதற்கு இதைவிடச் சாதுரியமான விளக்கம் கிடைப்பது அரிது.

நூற்றுக்கணக்கான தோணிகளின் ஆரவாரமே சுறாக்களை அகற்றியிருக்கக்கூடும். ஆனால் அதிகாரிகள் கவனித்தது மந்திரம் பலிக்கிறதா என்பதையன்று. குளிப்போர் நீரில் இறங்குகின்றனரா என்பதையே. 1902இல் லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் முத்துப்பார்களை ஆராய அழைக்கப்பட்டார். அவருடைய தகுதியைப் பற்றி யாருக்கும் ஐயமில்லை; சிப்பியின் வாழ்வை அவர் ஆராய்ச்சி பெரிதும் விளக்கிற்று. எனினும் கல்லின்மேல் கால் வைத்து நிற்பவனின் அச்சத்தைப் போக்குவது அவருடைய துறையன்று.

அந்த அச்சத்தைப் போக்கிய தகுதி எத்தகையது என்பதை, 1845 முதல் 1850 வரை குடியேற்றநாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் தம் நூலில் குறித்த ஒரு செய்தி காட்டும். அவர் காலத்தில் அக்குடும்பத்தின் தலைவர் கத்தோலிக்கர். குளிப்போரில் இந்துவும் முசுலிமும் அதைப் பொருட்படுத்தவில்லை. டெனன்ட் அங்குச் சென்ற வேளையில் தலைவர் நோயுற்றிருந்தமையால் வேறொருவரைத் தம் சார்பில் அனுப்பியிருந்தார். வந்தவரை டெனன்ட் விசாரித்தார். மந்திர இரகசியம் தமக்குச் சிறிதும் தெரியாது என்று அவர் ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொண்டார். ஆனால் தலைவரின் பிரதிநிதியாகத் தாம் வந்திருப்பதே போதும். சுறாக்கள் அதற்கு உரிய மரியாதை கொடுக்கும் என்றார்.