ஆந்த்ரோமெடாவின் கோளகக் கொத்துகள்: இயக்கம்

ஆந்த்ரோமெடா (எம்31) சுமார் 25 லட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள சுருள் விண்மீன் மண்டலம். இதில் 400-க்கும் மேற்பட்ட கோளகக் கொத்துகள் (உருண்டை வடிவ விண்மீன் திரள்கள்) அறியப்பட்டுள்ளன. இவற்றில் 140 பொருள்களை எட்வின் ஹபிள் 1932-இல் பட்டியலிட்டார். கொத்து நம்மை நெருங்குகிறதா, விலகுகிறதா என்பதை அதன் நிறமாலைக் கோடுகளின் நகர்வு காட்டிவிடும். மண்டலமே நொடிக்கு ஏறத்தாழ 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவதால், அதைக் கழித்த பிறகே கொத்தின் சொந்த வேகம் தெரியும்.

பெரும் வியப்பு மண்டலத்தின் புறவெளியில்தான் இருக்கிறது. அங்குள்ள கொத்துகள் தாறுமாறாக அலையவில்லை. அவை இரு கூட்டங்களாக, ஒன்றுக்கொன்று ஏறக்குறைய செங்குத்தான திசைகளில் சுற்றுகின்றன. டகல் மெக்கி, ஜெரெயின்ட் லூயிஸ் உள்ளிட்டோர் 2019-இல் ‘நேச்சர்’ இதழில் இதை வெளியிட்டனர். வெவ்வேறு காலங்களில் ஆந்த்ரோமெடா விழுங்கிய சிறு மண்டலங்களோடு வந்தவையே இக்கொத்துகள் என்பது அவர்கள் முடிவு.