குளச்சல் வெற்றித்தூணும் உதயகிரிக் கல்லறையும்

போரில் வீழ்ந்தவனுக்குக் கல் நாட்டும் மரபு தமிழர்க்கு மிகப் பழையது. கல்லைத் தேர்வது முதல் நட்ட கல்லை வாழ்த்துவது ஈறாக ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுத்துரைக்கிறது. நட்ட கல்லைப் பேணுவதற்கென அங்கே தனியொரு நிலை இல்லை. ஊரார் நடுகல்லை வழிபட்டனர். அவ்வழிபாடே அதற்குக் காவலாயிற்று. வழிபாடு பெறாத போர் நினைவுக் கற்களுக்கு அந்தக் காவல் வாய்ப்பதில்லை. குமரி மாவட்டத்தில் அத்தகைய நினைவுக் கற்கள் இரண்டைப் பற்றி இங்கே பேச விரும்புகிறோம். இரண்டும் ஒரே போரின் தொடர்புடையவை.

மிளகு வாணிகத்தின் பொருட்டு மூண்ட பகையில், 1741-இல் டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. மார்த்தாண்ட வர்மரின் திருவிதாங்கூர்ப் படை அதனை முறியடித்தது. ஐரோப்பிய வல்லரசு ஒன்றை இந்திய அரசொன்று வென்ற தொடக்ககாலப் போர்களுள் இது சிறப்பாகக் குறிப்பிடப்படுவது. அவ்வெற்றியின் நினைவாகக் குளச்சலில் கல்தூண் நிற்கிறது.

சிறைப்பட்டவர்களுள் ஒருவர் யூஸ்டாச்சியஸ் டிலனாய். மன்னர் அவரைத் தம் படையைப் பயிற்றுவிக்க அமர்த்தினார். உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பணியும் அவர் பொறுப்பில் நடந்தது. மக்கள் அவரை 'வலிய கப்பித்தான்' என்றனர். 1777-இல் மறைந்த அவரது உடல் அக்கோட்டைக்குள்ளிருக்கும் சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அருகில் அவர் மனைவியும், களக்காட்டுப் போரில் காயமுற்று இறந்த மகனும் துயில்கின்றனர். டிலனாயின் கல்லறையில் இலத்தீன் எழுத்தும் தமிழ் எழுத்தும் உள்ளன. புலியூர்க்குறிச்சியில், நெடுஞ்சாலையை ஒட்டிய கோட்டையில், கூரையிழந்த சுவர்களுக்கிடையே, தோற்று வந்த அயல்நாட்டானைத் தமிழில் நினைவுகூரும் கல் கிடக்கிறது என்பது நம் மாணவர் பலர் அறியாத செய்தி.

குளச்சல் மீனவரிடையே வழங்கும் வாய்மொழி மரபொன்றும் உண்டு. துடுப்புகளைத் தோளில் ஏந்திக் கரையில் அணிவகுத்து, பெரும்படை நிற்பதுபோல் தோற்றம் காட்டி அவர்கள் எதிரியை மருட்டினர் என்பது அது. இதற்கு எழுத்துச் சான்று தேடுவது ஆய்வாளர் கடன். மன்னரின் பெயரும் தளபதியின் பெயரும் வரலாற்றில் நிலைத்திருக்க, அக்கரையில் நின்ற எளியோர் பெயர்கள் எக்கல்லிலும் ஏறவில்லை. ஆகவே கல்லைக் காப்பதோடு, கல்லில் இல்லாதவற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பதும் நம் பணியாகிறது.

இக்கற்களுக்கு இன்னொரு இடரும் உண்டு. 1956 நவம்பர் 1-இல் இப்பகுதி தமிழ்நாட்டோடு இணைந்தது. அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனையைக் கேரள அரசு இன்றும் பேணி வருகிறது. குளச்சல் போரோ இரு மாநிலங்களுக்கும் இடையில் நின்றுவிட்டது. கேரளத்தார் அதனைத் தம் வரலாறாகப் போற்றுகின்றனர். போர்க்களமோ நம் மண்ணில் இருக்கிறது. நாமோ அதனைத் திருவிதாங்கூர்க் கதையென்று ஒதுக்கிவிடுகிறோம்.

பேணுதல் என்றதும் நம்மவர் சிமெண்டையும் சுண்ணாம்பையும் வண்ணத்தையும் தேடுவர். இங்கேதான் எச்சரிக்கை வேண்டும். பழைய சுண்ணாம்புக் காரைச் சுவரில் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். அதிலுள்ள உப்பு படிகமாகிக் காரையைப் பொரியச் செய்யும். கடற்காற்று வீசும் குளச்சலில் இதன் விளைவு இன்னும் கடுமை. எழுத்துப் பள்ளங்களை எண்ணெய் வண்ணம் நிரப்பிவிடும். அமிலம் கொண்டு கழுவுவது கல்லின் மேற்பரப்பையே அரிக்கும். சுவரிடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி இழுத்தால் கல்லும் பெயர்ந்து வரும். எனவே செப்பனிடுவதைத் தொல்லியல் அறிந்தோரிடம் விட்டுவிடுவதே முறை.

நாம் செய்யத்தக்கன வேறு உள்ளன. சாய்ந்த வெயிலில் ஒளிப்படம் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெளிவாகத் தெரியும். ஆண்டுதோறும் எடுத்த படங்களை ஒப்பிட்டால் சிதைவின் வேகம் புலப்படும். உரிய இசைவு பெற்று, பயின்றவர் துணையோடு மைப்படி எடுக்கலாம். குளச்சல் பங்கு மக்களும், சுற்றுவட்டாரப் பள்ளி கல்லூரிகளின் தமிழ், வரலாற்றுத் துறைகளும் இணைந்து, கல்வெட்டின் வாசகத்தையும் ஊர் வாய்மொழியையும் ஒரே ஏட்டில் பதிந்து வைக்கலாம். முதலில் நம் மாணவரை அழைத்துச் சென்று அக்கல்லறையின் தமிழ் வரிகளைப் படிக்கச் செய்வோம். பிற பணிகள் அதன்பின் தொடங்கட்டும்.