இடைசெவலிலிருந்து கோலாலம்பூருக்கு: கடல் கடந்த தமிழ் எழுத்துப் பயிற்சி, 1950–1966

கரிசல் எழுத்து என்றதும் ஊரைவிட்டு நகராத எழுத்து என்ற எண்ணம் நம்மிடம் படிந்துவிட்டது. கோவில்பட்டிக்குத் தெற்கே, கயத்தாறு போகும் வழியில் இருக்கிற இடைசெவல் என்ற சிற்றூர் இரண்டு பெரிய எழுத்தாளர்களைத் தந்தது. அவர்களில் கி. ராஜநாராயணனின் பெயரோடு அந்த மண் ஒட்டிக்கொண்ட அளவுக்கு, அவருடைய இளமைத் தோழர் கு. அழகிரிசாமியின் பெயரோடு ஒட்டவில்லை. அதற்கு ஒரு காரணம் அழகிரிசாமி ஊர்விட்டு ஊர் போனவர். சென்னைக்குப் போனார். 1952இல் மலாயாவுக்குப் போய் 1957 வரை கோலாலம்பூர் ‘தமிழ் நேசன்’ நாளிதழில் வேலை பார்த்தார். அவருடைய வாழ்க்கைக் குறிப்புகளில் இந்த ஐந்தாண்டுகள் பெரும்பாலும் ஒரே வரியில் முடிந்துவிடும். பிழைப்புக்காகப் போனார், திரும்பினார் என்கிற தொனிதான் அந்த வரியில் இருக்கும்.

இக்கட்டுரை அந்த வரியை விரித்துப் பார்க்கிறது. தமிழில் எழுதக் கற்றுக்கொடுப்பது என்ற வேலை 1950களில் கடல் கடந்து ஓர் அமைப்பாக நடந்தது. அதற்குப் பாடத்திட்டம் இருந்தது, பயில்வோர் இருந்தார்கள், செலவை ஏற்றுக்கொள்ள ஒரு நிறுவனமும் இருந்தது. அந்த அமைப்பின் வடிவம் மாறிய கட்டத்தில் இடைசெவல்காரர் ஒருவர் அங்கே இருந்தார் என்பதும், அந்த மாற்றத்தில் அவர் ஊர்ப்பக்கத்துப் பழக்கம் ஒன்று வேலை செய்தது என்பதும் என் கருத்து.

தென்மாவட்டங்களுக்குப் பயிற்சியையும் வெளிநாட்டு நிகழ்ச்சியையும் இணைத்து நடத்தும் தொழில் புதிதல்ல. 1867இல் தூத்துக்குடியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனி என்று ஜனங்கள் சொன்ன இவ்வகைச் சபைகளில் பையன்கள் தங்கிச் சாப்பிட்டு, வாத்தியாரிடம் பாட்டும் வசனமும் பாடம் கேட்டு, இரவில் மேடையேறினார்கள். கற்றுக்கொடுக்கும் செலவை டிக்கெட் வசூல் சுமந்தது. காண்டிராக்டர் முன்பணம் கொடுத்து அழைத்தால் கம்பெனிகள் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறின. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் 1920களின் நடுவில் கொழும்பு மேடையில் ஜோடி சேர்ந்ததும் இந்த ஏற்பாட்டில்தான். படிப்பும் காட்சியும் ஒரே முதலாளியின் ஒரே கணக்கில் ஓடின. பேசும்படம் வந்ததும் அந்தக் கணக்கு படுத்துவிட்டது. நாடகத்தை இங்கே நிறுத்திவிடலாம். பயிற்சிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற கேள்வியை மட்டும் நம்மோடு எடுத்துக்கொள்வோம்.

மலாயாவில் அதற்குப் பணம் கொடுத்தது பத்திரிகை. ‘தமிழ் நேசன்’ 1924 செப்டம்பரில் நரசிம்ம ஐயங்காரால் கோலாலம்பூரில் தொடங்கப்பட்டது. சிங்கப்பூரில் 1935இல் ‘தமிழ் முரசு’ வந்தது. 1930இல் வை. சின்னையா பிள்ளையின் ‘நவரச கதா மஞ்சரி’ போன்ற கதைத்தொகுப்புகள் மலாயாவில் அச்சேறியிருந்தாலும், தோட்டத்துத் தமிழரும் நகரத்துத் தமிழரும் கதை என்று விரும்பி வாசித்தது கப்பலில் வந்து இறங்கிய சென்னைப் பத்திரிகைகளைத்தான். உள்ளூரில் எழுதியவர்களும் அந்த அச்சிலேயே எழுதினார்கள். மலாயாவில் உட்கார்ந்துகொண்டு காவிரிக்கரை அக்கிரகாரத்துக் கதை எழுதிய காலம் அது.

1950களின் தொடக்கத்தில் மூன்று நெருக்குதல்கள் ஒன்றாகச் சேர்ந்தன. கொரியப் போரால் ரப்பர் விலை வானத்துக்கு ஏறியது. தோட்டங்களில் காசு புழங்கியது, பத்திரிகைக்கு விளம்பரமும் வந்தது. 1948 முதல் நடந்துகொண்டிருந்த அவசரகால ஆட்சியில் அரசியல் பேச்சுக்கு வாய்ப்பூட்டு இருந்தது. இளைஞர்கள் ஒன்றுகூட இலக்கியமும் மொழியும் ஆபத்தில்லாத இடங்களாக இருந்தன. மூன்றாவது, குடிநுழைவுச் சட்டம். 1952இல் இயற்றப்பட்டு 1953 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம், தமிழ்நாட்டிலிருந்து நினைத்தபடி ஆளை வரவழைக்கும் வழியைக் குறுக்கியது. எழுத்தாளரை இறக்குமதி செய்துகொண்டிருந்த பத்திரிகைகள் உள்ளூரிலேயே எழுத்தாளரை விளைவிக்க வேண்டிய காலம் வந்தது. ஆசிரியர்கள் எல்லாரும் இப்படிக் கணக்குப் போட்டுத்தான் பயிற்சியில் இறங்கினார்கள் என்று நான் சொல்லவில்லை. தமிழ்ப் பற்றும் இருந்தது. ஆனால் பற்று மட்டும் இருந்திருந்தால் அது முப்பதுகளிலேயே வகுப்பாகியிருக்கும்.

முதலில் வந்தது ‘கதை வகுப்பு’. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் 1950–51இல் ‘தமிழ் நேச’னில் அதை நடத்தினார்கள். பாடம் பத்திரிகையில் அச்சாகும். வாசகர்கள் பயிற்சியை எழுதி அஞ்சலில் அனுப்புவார்கள். திருத்தியவர்கள் தரம் பிரித்து முடிவு சொல்வார்கள். பள்ளிக்கூடத்தின் சாயல் இதில் அப்படியே இருக்கிறது. அதில் வியப்பில்லை, கற்க வந்தவர்களில் தோட்டப் பள்ளி ஆசிரியர்கள் பலர். எங்கோ ஒரு ரப்பர் தோட்டத்தின் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கடியில் எழுதியவனுக்குத் தலைநகரத்திலிருந்து மதிப்பெண் வருகிறது என்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயமா? பத்திரிகைக்கும் லாபம் இருந்தது. பாடம் படிக்க வேண்டுமானால் தாளை வாங்கியாக வேண்டும். முடிவைப் பார்க்க மறுபடியும் வாங்க வேண்டும்.

மலேசியத் தமிழ்ச் சிறுகதையின் முதல் தலைமுறை இந்தப் பட்டறையை ஒட்டித் தலையெடுத்தது. மா. இராமையாவும் மா.செ. மாயதேவனும் சேர்ந்து 1953இல் ‘இரத்த தானம்’ என்ற தொகுப்பைக் கொண்டுவந்தார்கள். பின்னாளில் மலேசியத் தமிழ் இலக்கியத்தின் வரலாற்றை நூலாக எழுதியவரும் இராமையாதான். இதே காலத்தில் சிங்கப்பூர் ‘தமிழ் முர’சில் புதுமைப்பித்தன் மேதையா இல்லையா என்று ஒரு நீண்ட வாதம் நடந்தது. இந்த வாதத்தை எழுத்துப் பயிற்சியின் பகுதியாகவே நான் எண்ணுகிறேன். கதையை எப்படி எழுதுவது என்பதிலிருந்து எந்தக் கதை உயர்ந்தது என்பதற்குப் பேச்சு நகர்ந்துவிட்டது. மதிப்பெண்ணால் பதில் சொல்ல முடியாத கேள்வி அது.

அந்தக் கேள்வி சூடாக இருந்தபோது கோலாலம்பூருக்கு வந்து சேர்ந்தவர் புதுமைப்பித்தனோடு பழகியவர். அழகிரிசாமி 1923 செப்டம்பர் 23இல் பிறந்தவர். சார்பதிவாளர் அலுவலக வேலையை உதறிவிட்டுச் சென்னைக்குப் போய், ‘ஆனந்த போதினி’, ‘பிரசண்ட விகடன்’ என்று இருந்துவிட்டு, வை. கோவிந்தனின் ‘சக்தி’யில் தொ.மு.சி. ரகுநாதனோடு பணியாற்றினார். ‘ராஜா வந்திருக்கிறார்’ கதை அப்போதே அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருந்தது. பத்திரிகை அனுபவத்தைவிட அவருடைய வேறொரு படிப்பை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்.

இடைசெவல் நண்பர்கள் இருவரும் எழுத்தாளராவதற்கு முன்பு கேட்பவர்களாக இருந்தார்கள். விளாத்திகுளம் சுவாமிகளின் ராக ஆலாபனை, காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் என்று அந்த வட்டாரத்துக் காற்றில் சங்கீதம் இருந்தது. குற்றாலத்தில் ரசிகமணி டி.கே.சி.யிடம் கம்பனைக் கேட்டார்கள். டி.கே.சி.யின் திருநெல்வேலி வீட்டில் தொடங்கிய வட்டத்தொட்டி பாடம் நடத்தும் இடமல்ல. ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு, திருப்பித் திருப்பிச் சொல்லி, எங்கே உயிர் இருக்கிறது என்று கூடிக் காணும் இடம். வந்தவர்களில் வக்கீலும் இருப்பார், விவசாயியும் இருப்பார். சான்றிதழ் யாருக்கும் கிடையாது. கரிசல் சம்சாரி அறுவடை முடிந்த ஓய்வில் மடத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஒரே கதையை நாலு பேர் வாயால் கேட்டு, யார் சொன்னது நன்றாக இருந்தது என்று தீர்ப்புச் சொல்வானே, அதற்கும் வட்டத்தொட்டிக்கும் முறையில் அதிக தூரமில்லை. இரண்டிலும் கேட்பவனே பரீட்சகன்.

கோலாலம்பூரில் அழகிரிசாமி கதை வகுப்பைத் திரும்ப நடத்தவில்லை. ‘தமிழ் நேசன்’ இலக்கியப் பக்கங்களுக்கு வந்த கதைகளைத் தேர்ந்தெடுத்துத் திருத்தியதோடு, இலக்கிய வட்டம் என்ற பெயரில் உள்ளூர் எழுத்தாளர்களைக் கூட்டினார். எழுதிய கதையை நேரில் வைத்துப் பேசும் முறை அங்கே வேர் பிடித்தது. அஞ்சல் வழிப் பாடத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இடம் மட்டுமல்ல. அஞ்சலில் தவறு திருத்தப்படும். வட்டத்தில் வாசிப்பவனின் முகம் தெரியும், எங்கே சலிப்புத் தட்டியது என்று எழுதியவன் கண்ணாலேயே பார்ப்பான். தன்னைச் சுற்றியிருக்கிற தோட்டத்தை, லயத்தை, கங்காணியைப் பற்றி எழுதியபோதுதான் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள் என்று ஒருவன் தெரிந்துகொள்ள இதைவிட நேரான வழி இல்லை.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வட்டத்துக்குத் தலைநகரத்தில் இருப்பவன் அல்லது தலைநகரத்துக்குப் பஸ் காசு உள்ளவன்தான் வர முடியும். கதை வகுப்போ நாட்டின் மூலைமுடுக்குக்கெல்லாம் போனது. தரத்தில் ஏறியது பரப்பில் குறைந்தது என்று கொள்வதே நியாயம். அழகிரிசாமியைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். சுப. நாராயணன் உழுது வைத்திராவிட்டால் வட்டத்தில் உட்கார ஆளிருந்திருக்காது.

செலவுக் கணக்குக்கு வருவோம். இரண்டு முறைகளுக்கும் அடியில் இருந்தது ‘தமிழ் நேசன்’ கொடுத்த சம்பளம். பயில்வோர் கட்டணம் கட்டியதாகக் கொண்டால் அது நாளிதழின் விலைதான். எழுத்தாளர் உருவானால் ஞாயிற்றுப் பதிப்புக்குச் சரக்குக் கிடைத்தது, எழுத்தாளரின் ஊர்க்காரர்கள் வாசகர்களானார்கள். பாய்ஸ் கம்பெனியில் டிக்கெட் செய்த வேலையை இங்கே விற்பனைப் பிரதி செய்தது. பலவீனமும் அதேதான். ஆசிரியர் பீடத்தில் ஆள் மாறினால் பயிற்சியின் கதி மாறும். மலாயாவிலேயே 1955இல் சீதாலட்சுமியை மணந்து குடும்பமாகியிருந்த அழகிரிசாமி, 1957இல் தமிழ்நாடு திரும்பினார். அதே ஆண்டு ஆகஸ்ட் 31இல் மலாயா விடுதலை அடைந்தது. நாடு தன் குடிமக்களை எண்ணத் தொடங்கிய வேளையில், அங்கிருந்த தமிழ் எழுத்துக்கும் சொந்தக்காரர்கள் ஆயத்தமாக இருந்தார்கள். 1962இல் அவர்களுக்கென்று எழுத்தாளர் சங்கம் ஏற்பட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்துக் கோலாலம்பூரில் வேறு அளவிலான ஒரு நிகழ்ச்சி நடந்தது. அதை நடத்தியவருக்கும் இந்தப் பக்கத்தோடு உறவுண்டு. யாழ்ப்பாணத்துத் தனிநாயகம் அடிகள் 1940களில் திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளம் பள்ளியில் ஆசிரியர். தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் தொடங்கியவர். அங்கிருந்து புறப்பட்டுப் பல நாடுகளில் தமிழைப் பற்றி உரையாற்றிவிட்டு, 1952இல் ‘தமிழ்க் கல்ச்சர்’ என்ற ஆங்கில முத்திங்கள் இதழைத் தொடங்கினார். 1961 முதல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வுத் துறையின் தலைவர். 1964 ஜனவரியில் புதுடில்லியில் கீழ்த்திசை அறிஞர் மாநாட்டுக்கு வந்திருந்தவர்களைச் சேர்த்து அனைத்துலகத் தமிழாராய்ச்சி மன்றத்தை அமைத்ததில் முன்னின்றவர். அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்தது. பல்கலைக்கழகமும் அரசும் துணை நின்றன. பல நாட்டு அறிஞர்கள் கட்டுரை வாசித்தார்கள். தமிழுக்கு உலகளாவிய நிகழ்ச்சி ஒன்றை நடத்திக் காட்ட முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. அடுத்த மாநாடு 1968இல் சென்னைக்கு வந்தபோது நடந்த ஊர்வலமும் சிலை திறப்பும் எல்லோரும் அறிந்தவை.

1966இல்தான் ஒரு பிரிவினை நடந்தது என்று நான் கருதுகிறேன். நிகழ்ச்சிக்கு அரசாங்கமும் பல்கலைக்கழகமும் புரவலராகக் கிடைத்துவிட்டன. பயிற்சிக்கு அப்படி எவரும் கிடைக்கவில்லை. பாய்ஸ் கம்பெனியில் ஒரே கணக்கில் இருந்தவை, நாளிதழில் ஒரே கூரையின்கீழ் இருந்தவை, இனி தனித்தனி. மாநாட்டு மேடையில் எழுத்தாளனுக்கு நாற்காலி கிடைத்தாலும் அவனுடைய கதையை நாலு பேர் உட்கார்ந்து பிரித்துப் பேசும் இடம் அங்கே இல்லை. ஆராய்ச்சி மாநாட்டிடம் அதைக் கேட்பதும் முறையல்ல.

வட்டம் என்ற வடிவம் அதனால் செத்துப்போகவில்லை. சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1977இல் தொடங்கிய ‘இலக்கியக் களம்’ உள்ளூர்ச் சிறுகதைகளை எடுத்துவைத்துத் தயவுதாட்சணியம் இல்லாமல் பேசியது. 1988இல் அங்கே வாசகர் வட்டம் கூடத் தொடங்கியது. இவர்களெல்லாம் அழகிரிசாமியைப் பார்த்துச் செய்தார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகை நிர்வாகத்தின் தயவை நம்பாமல் ஆர்வலர்களே கூடியதுதான் புதிது. ‘தமிழ் நேசன்’ 2019 தொடக்கத்தில் நின்றுபோனபோது அந்தப் பத்திரிகை பயிற்றுவித்த தலைமுறையில் பெரும்பாலோர் மறைந்திருந்தார்கள்.

அழகிரிசாமி 1970 ஜூலை 5இல் காலமானார். ‘அன்பளிப்பு’ தொகுப்புக்கான சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பிறகு வந்தது. அவர் எழுதிய கடிதங்களைப் பொத்திப் பாதுகாத்து நூலாக்கியவர் இடைசெவலிலேயே தங்கி விவசாயம் பார்த்த கி.ரா. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அந்தச் சம்சாரியை 1980களின் இறுதியில் துணைவேந்தர் வெங்கடசுப்பிரமணியன் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு வருகைதரு பேராசிரியராக அழைத்துக்கொண்டார். கி.ரா. மாணவர்களை வகுப்பறையில் உட்கார்த்திவைக்காமல் கிராமங்களுக்குக் கதை கேட்க அனுப்பினார். அந்தச் சம்பளப் பட்டியலில் பத்திரிகை விற்பனைக் கணக்குக்கு இடமில்லை.