ஐஇஇஇ 802.1எக்ஸ்

ஐஇஇஇ 802.1எக்ஸ் என்பது கம்பிவழி வலையமைப்பில் இணையும் கருவியின் அடையாளத்தைச் சரிபார்த்த பின்னரே அதற்கு அணுக்கம் வழங்கும் செந்தரம் ஆகும். இதன் முதற் பதிப்பு 2001 ஆம் ஆண்டிலும், திருத்திய பதிப்புகள் 2004, 2010, 2020 ஆகிய ஆண்டுகளிலும் வெளிவந்தன. கம்பியில்லா வலையமைப்புகளிலும் இது பயன்படுகிறது.

தேவை

கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் சுவிட்ச் என்னும் நிலைமாற்றியில், வடம் செருகப்படும் ஒவ்வொரு வாயும் துறை எனப்படும். இயல்பான அமைப்பில் நிலைமாற்றி, தன் துறையில் செருகப்பட்டது யாருடைய கருவி என ஆராய்வதில்லை. எனவே பொதுமக்கள் வந்துபோகும் கூடத்தின் சுவரில் உள்ள ஓர் இணைப்புவாய் வழியாகவே அயலார் ஒருவர் அலுவலகத்தின் உள்வலையமைப்பில் நுழைய இயலும்.

செயற்படும் முறை

இம்முறையில் மூன்று உறுப்புகள் உள்ளன.

* விண்ணப்பி: இணைய விரும்பும் கருவியில் இயங்கும் மென்பொருள்.
* உறுதிப்படுத்தி: துறையைக் காக்கும் நிலைமாற்றி.
* உறுதிப்பாட்டு வழங்கி: முடிவெடுக்கும் கணினி. இது பெரும்பாலும் ரேடியசு நெறிமுறையைப் பயன்படுத்தும்.

தொடக்கத்தில் உறுதிப்பாட்டுச் செய்திகள் மட்டுமே துறை வழியே அனுமதிக்கப்படும். விண்ணப்பியின் கடவுச்சொல் அல்லது எண்முறைச் சான்றிதழ் தொடர்பான செய்திகளை நிலைமாற்றி வழங்கிக்குக் கடத்தும். வழங்கி ஏற்றால் துறை திறக்கும். மறுத்தால் மூடியே இருக்கும்.

தொலைவிட அலுவலகங்கள்

வழங்கி வேறோர் ஊரில் இருக்கும்போது இம்முறை இடைவழி இணைப்பைச் சார்ந்து நிற்கிறது. எடுத்துக்காட்டாக, கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலைமீதுள்ள வெள்ளிமலையில் ஓர் அலுவலகமும், சமவெளியிலுள்ள கள்ளக்குறிச்சி நகரில் அதன் வழங்கியும் இருப்பதாகக் கொள்ளலாம். இணைப்பு அறுந்தால், புதிதாக இணையும் ஊழியரின் கணினிக்கு உரிய சான்றிதழ் இருந்தும் துறை திறக்காது; அதே கட்டடத்திலுள்ள அச்சுப்பொறியைக்கூட அவரால் அணுக இயலாது. அத்தகைய வேளையில் எல்லாத் துறைகளையும் திறந்துவிடுமாறு அமைத்தால், வடத்தை அறுப்பவருக்கு வழி திறந்ததாகிவிடும். ஆகையால் அலுவலகத்திலேயே மாற்று வழங்கி ஒன்றை நிறுவுதல் அல்லது இன்றியமையாத சேவைகளை மட்டும் அணுகவிடும் தனி மெய்நிகர் வலையமைப்பில் கருவிகளைச் சேர்த்தல் ஆகிய வழிகள் கையாளப்படுகின்றன.

குறைபாடுகள்

* விண்ணப்பி மென்பொருள் இல்லாத பழைய அச்சுப்பொறி போன்றவை அவற்றின் மேக் முகவரியைக் கொண்டே அனுமதிக்கப்படுகின்றன. இம்முகவரியைப் போலியாக அமைத்தல் எளிது.
* துறை திறந்தபின், அதே வடத்தில் இடையே புகும் வேறொரு கருவி அவ்வணுக்கத்தைப் பயன்படுத்தக்கூடும். இதனைத் தடுக்க, 2006 இல் வெளியான மேக்செக் என்னும் மறையீட்டுச் செந்தரத்திற்கான திறவுகோல் உடன்பாடு 2010 ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்க்கப்பட்டது.
* இம்முறை அடையாளத்தை மட்டுமே சரிபார்க்கிறது. உரிமையுள்ள பயனரின் கணினியில் தீநிரல் உள்ளதா என்பதை அறியாது. கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலையமைப்பில் 2019 ஆம் ஆண்டு தீநிரல் கண்டறியப்பட்டபோது, உலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் பாதிக்கப்படவில்லை என அரசு தெரிவித்தது. எனவே துறைக் காவலுடன், வலையமைப்புகளைப் பிரித்து வைத்தலும் தேவைப்படுகிறது.