காமனை எரிக்கும் வித்தை

1921இல் லண்டன் மேடையொன்றில் பி.டி. செல்பிட் ஒரு பெண்ணைப் பெட்டியில் அடைத்து அறுத்துக் காட்டியபோது பார்த்தவர்கள் வியந்தார்கள். யட்டவத்த முதலான மாத்தளைத் தோட்டப்புறங்களை அறிந்த எனக்கு அதில் பெரிய வியப்பில்லை. கோப்பிக் காலத்தில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்துவந்த நம்மவர்கள், ஆளை எரித்து மீண்டும் எழுப்பும் வித்தையைக் கையோடு கொண்டுவந்தார்கள். அதுவே காமன் கூத்து.

மாசி அமாவாசைக்குப் பின், வளர்பிறையில் காப்புக் கட்டிக் கம்பம் ஊன்றுவர். அதற்கு வேண்டியவை கடைச்சரக்கல்ல. ஆமணக்கந்தண்டு, கரும்பு, வைக்கோல், வரட்டி. இடத்துக்கு இடம் சிறிது மாறும். இப்படிக் கட்டிய கம்பமே காமனின் இன்னோர் உடல். சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்ததும் தீப்பற்றுவது கம்பம், வீழ்வது வேடமிட்டவர். தப்பின் முழக்கத்தில் இரண்டும் ஒன்றாகிவிடும். ரதி வேடத்தில் இருப்பவரும் ஓர் ஆண்தான் என்பதை மறந்து பெண்கள் அழுவார்கள். பின்னர் அவள் வேண்டுதலால் காமன் எழுவான்.

தஞ்சைப் பகுதியில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' எனப் பிரிந்து லாவணி பாடுவது வழக்கம். கம்பம் கட்டியவரைக் கேட்டால் இரு கட்சியும் சரியென்பார்!

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. கப்பலேறியவர்களில் கூத்து வாத்தியார்களும் இருந்தார்கள். வேடங்கட்ட ஆளிருந்தும், விடிய விடியப் பாட்டெடுத்துக் கொடுக்க ஆளில்லாத லயங்கள் அதன் பின்னர்தான் பெருகின.